ஃபேன் நின்ற நேரம்

கணினிக்குள் ஹார்ட் டிஸ்க் ‘டக், டக்’ என்று இடிக்கத் தொடங்கியதும் பக்கத்திலிருந்த ஃபேனுக்கு அது கெட்டுப்போகிறது என்று புரிந்துவிட்டது. வீட்டுக்காரி பூங்கோதையின் மகள் கல்யாணப் படங்கள் முழுக்க அந்த டிஸ்கில்தான் இருந்தன.

“அண்ணே, அந்தம்மாவுக்குத் தெரியப்படுத்திடலாமே” என்றது ஃபேன்.

“வெறும் சூடுடா. தெரிஞ்சா என்னைக் கழட்டிப் போட்டுருவாங்க. என் சத்தம் வெளியே கேக்காதபடி நீ சத்தமா சுத்து, போதும்.”

அண்ணன் பேச்சைத் தட்ட முடியாமல் ஃபேன் இரைந்து சுற்றியது. இரைச்சல் கேட்டுப் பெட்டியைத் திறந்த பூங்கோதை, “இந்த ஃபேன்தான் கெட்டுப்போச்சு, மாத்திடணும்” என்றாள்.

ஃபேனுக்குச் சுருக்கென்றது. பழி தன்மேல் விழுந்தால்கூடப் பரவாயில்லை, படங்கள் போய்விடுமே. சட்டென்று நின்றுவிட்டது. அந்த அமைதியில் ‘டக், டக்’ அவள் காதில் தெளிவாக விழுந்தது. பதறிப்போய்ப் புது டிஸ்கை மாட்டிப் படங்களை அதற்கு மாற்றத் தொடங்கினாள்.

“காட்டிக் கொடுத்துட்டியேடா” என்றது பழைய டிஸ்க்.

ஃபேன் மறுபடியும் சுற்ற ஆரம்பித்து, கடைசிப் படம் போய்ச் சேரும்வரை பழைய டிஸ்கின்மேல் காற்றை வீசிக்கொண்டிருந்தது.