அடிப்பக்கத்துப் பொட்டு

“ஏட்டி, எனக்கு மட்டும் புதுசா ஒண்ணு எடுத்து வைப்பியா?”

செண்பகக்கா கேட்டது போன வாரம். பழைய செட்டாப் பாக்ஸைக் கேபிள் ஆபீசில் திருப்பிக் கொடுக்க வந்தபோது.

இந்த மாதத்திலிருந்து ஊருக்கே ஹெச்டி. பழசைக் கொடுத்துவிட்டுப் புதுப் பெட்டி வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆபீசின் பின்னறையில் பெட்டி துடைக்கிற அவள் தலையாட்டினாள். எதற்கும் தலையாட்டத்தான் அவளுக்கு வரும்.

பின்னறையில் புதுசு என்று ஒன்றுகூட இல்லை.

தெருத் தெருவாகத் திரும்பி வந்த பெட்டிகள்தான். திருகாணியைக் கழற்றினால் சூட்டுக்கு ஒண்டிய கரப்பான்கள். உளுந்து போல முட்டைகள். மிளகுத்தூளாய் எச்சம். பிரஷ்ஷால் தள்ளி, தின்னர் ஊற்றித் துடைக்க வேண்டும். முன்பக்கம் ‘ஹெச்டி’ என்று ஒரு வெள்ளி ஸ்டிக்கர். பிறகு புது அட்டைப்பெட்டி.

“ஆயுத பூசைப் பொட்டை மட்டும் நல்லா அழிச்சிரு. அதுதான் காட்டிக் குடுக்கும்,” என்பார் முதலாளி.

மத்தியானச் சோற்றிலும் கரப்பானும் தின்னரும் கலந்த அந்த வாடை இருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும்.

இன்று ஒரு பெட்டியைக் கவிழ்த்தாள்.

அடிப்பக்கம், திருகாணி ஓரமாய், சந்தனம். அதன்மேல் குங்குமம்.

அடியில் பொட்டு வைக்கிற வீடு ஒன்றுதான். செண்பகக்காவின் வீட்டுக்காரர் வேதக்காரர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவர் கண்ணில் படக்கூடாது. மிக்சிக்கும் அடியில்தான். தையல் மெஷினுக்கும்.

உள்ளே துடைத்தாள். ஸ்டிக்கர் ஒட்டினாள்.

பொட்டை அழிக்கவில்லை. அக்காவின் பெயரெழுதி எடுத்து வைத்தாள்.

தன்னால் சொல்ல முடியாததை அது சொல்லட்டும்.

சாயங்காலம் அக்கா வந்தாள்.

கூடவே வீட்டுக்காரரும்.

அதை அவள் நினைத்திருக்கவில்லை.

“கம்பெனியிலருந்து நேரா வந்த சரக்கு சார். கை படாதது.” முதலாளி அட்டையைப் பிரித்துக் கொடுத்தார்.

அக்கா வாங்கித் திருப்பினாள்.

அப்படியே நின்றாள்.

நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பிறகு முதலாளியை. ஏதோ கேட்க வாய் திறந்தாள்.

“அடியில என்னது, செவப்பா?” வீட்டுக்காரர் குனிந்தார்.

அக்காவின் கட்டைவிரல் அதன்மேல் அழுந்தியது. ஒரே இழுப்பு.

விரலை முந்தானைக்குள் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்காரர் கையெழுத்துப் போடக் குனிந்த நேரம், பெட்டியின் பக்கவாட்டுத் துளையில் கரப்பான் மீசைகள் இரண்டு நீண்டு ஆடின.

அக்கா பார்த்தாள். அவளும் பார்த்தாள்.

அக்கா அந்தத் துளையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

அவள் பக்கம் திரும்பாமலே படியிறங்கிப் போனாள்.