எறும்பு கடிச்ச மாதிரி

அதற்குள் அம்மா குழந்தையின் கால்சட்டையைப் பாதி கழற்றிவிட்டாள்.

"குடும்மா, நான் பாத்துக்கறேன்," என்று மகள் பாய்ந்து கையை நீட்டினாள். அவள் குரல் அவளுக்கே திருட்டுக் குரலாகக் கேட்டது.

"நீ ஏன்டி இன்னிக்கு இப்படிப் பறக்கற? போய் ஈரத்துணி கொண்டா. உடம்பு அனலாக் கொதிக்குது."

குழாயடியில் துணியைப் பிழிந்தபடியே எட்டி எட்டிப் பார்த்தாள். தொடையில் நர்ஸ் ஒட்டியிருந்த வட்டப் பிளாஸ்திரியை வாசற்படியிலேயே பிய்த்துப் போட்டாகிவிட்டது. ஆனால் அந்த இடம் சிவந்து, கோலிக்குண்டு அளவுக்குத் தடித்து, எதிர்வீட்டுக்கே தெரியும் போலிருந்தது.

காலையில் செருப்பு வாங்கப் போவதாகச் சொல்லி மூன்று பிள்ளைகளையும் கிளப்பிக்கொண்டு போனது அப்பா. அடுத்த தெருவில் ஒரு குழந்தை தட்டம்மையில் மூச்சுத்திணறி ஆஸ்பத்திரியில் கிடக்கிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

முதலில் போனது சுகாதார நிலையத்துக்கு. விட்டுப்போன தடுப்பூசிகளில் இரண்டைக் குழந்தைக்குப் போட்டார்கள். பத்தாம் வகுப்பு வரை ஒரு ஊசியும் அறியாத அவளுக்கும் கையில் ஒன்று விழுந்தது. வெளியே வந்ததும் அப்பா எப்போதும் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அம்மாகிட்ட மூச்சு விடக்கூடாது," என்றார். பிறகு மறக்காமல் செருப்பும் வாங்கினார். இந்த மாதிரி விஷயத்தில் கெட்டிக்காரர்.

இப்போது நிம்மதியாகப் பஸ் ஓட்டப் போய்விட்டார். மாட்டிக்கொண்டது அவள்.

அண்ணனுக்கு ஒன்றரை வயதில் ஊசி போட்டார்கள். அன்று ராத்திரி காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போச்சு, பிள்ளை திரும்பி வரலை என்பாள் அம்மா. கண்ணைப் பார்ப்பது நின்றது. 'அம்மா' என்பது நின்றது.

ஆட்டிசம் என்றார் டாக்டர். ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, இது வெளியே தெரியத் தொடங்குகிற வயதும் ஊசி போடுகிற வயதும் ஒன்றாக இருக்கிறது, அவ்வளவுதான் என்றும் சொன்னார். அம்மா முதல் வார்த்தையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"நான்தான் காலப் புடிச்சேன்," என்பாள், யாரும் கேட்காதபோதுகூட.

இன்று குழந்தையின் காலைப் பிடித்தது அவள்.

காய்ச்சல் வரும், ஒரு நாளில் போய்விடும் என்று நர்ஸ் சொல்லித்தான் அனுப்பினாள். அந்த வெள்ளை அறையில் அதை நம்புவது சுலபமாக இருந்தது. இங்கே, குழந்தை கண் திறக்கும்போதெல்லாம் அவள் குனிந்து, "பட்டாணி, இங்க பாரு, அக்காவப் பாரு," என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

குழந்தை மின்விசிறியைப் பார்த்தது.

குழந்தைகள் மின்விசிறியைப் பார்க்கும்தான். நேற்றும் பார்த்தது.

நேற்றும் பார்த்ததா?

மூலையில் அண்ணன் புதுச் செருப்பின் பட்டையைப் பர்ரென்று பிரிப்பதும் ஒட்டுவதுமாக இருந்தான். அப்பா அவனை ரேடியோ என்பார். தானாக ஒரு வார்த்தை பேசமாட்டான். காதில் விழுந்ததை, விழுந்த குரலில், விழுந்த வரிசையில், கடைசிவரை சொல்லித்தான் ஓய்வான். எப்போது ஆரம்பிப்பான் என்பதுதான் தெரியாது. போன வாரம் மாடிவீட்டுப் புருஷன் பெண்டாட்டி சண்டையை அவர்கள் இருவரும் சேர்ந்து படியிறங்கி வரும்போது பார்த்து ஒலிபரப்பினான்.

பட்டைச் சத்தம் நின்றது.

"ஒண்ணுமில்ல கண்ணு, எறும்பு கடிச்ச மாதிரிதான். அவ்வளவுதான், முடிஞ்சிடுச்சு."

நர்ஸின் அதே குழைவு. அதே இழுப்பு.

துணி அவள் கையிலிருந்து நழுவியது. தொலைந்தோம்.

அம்மா மெல்ல நிமிர்ந்தாள். முகத்தில் கோபத்தைத் தேடினாள் அவள். இல்லை.

"இதையேதான்டி சொன்னா அந்த நர்ஸ். அன்னிக்கு, இவனுக்குப் போட்டப்ப. எறும்புன்னுதான் சொன்னா."

ஊசி போடுகிறவர்கள் எல்லோரும் எறும்பு என்றுதான் சொல்வார்கள் என்று அவள் வாய் திறப்பதற்குள், அம்மா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"இத்தனை வருஷமா உள்ளயே வெச்சிருந்திருக்கான் பாரு. எம்புள்ள எங்கயும் போகலடி. இன்னிக்குத்தான் அம்மாகிட்டச் சொல்லணும்னு தோணியிருக்கு."

அழுதுகொண்டே சிரித்தாள். அம்மாவுக்கு அப்படியொரு சிரிப்பு இருப்பதே அவளுக்கு இதுவரை தெரியாது.

உண்மையைச் சொன்னால், அண்ணன் அம்மாவிடம் முதன்முதலாகச் சொன்ன சேதி சேதியே இல்லை என்றாகிவிடும். சொல்லாவிட்டால், பட்டாணியை அடுத்த தவணை ஊசிக்கு அந்தப் பக்கம்கூடக் கொண்டுபோக முடியாது. அடுத்த தெருக் குழந்தை ஆஸ்பத்திரியில் எப்படி மூச்சுக்குத் தவிக்கிறது என்று அப்பா நடித்துக் காட்டியிருந்தார்.

அண்ணன் வீறிட்டான். இரண்டாவது ஊசி ஏறியதும் பட்டாணி வீறிட்ட அதே வீறிடல். அதையும் தன் மூத்த பிள்ளையின் பழைய அழுகையாகவே கேட்டு, "ஆமாடா ராஜா, ஆமா," என்று தேம்பினாள் அம்மா.

பிறகு எட்டி அவள் கையைப் பற்றி இழுத்தாள். ஊசி போட்ட கை. விண்ணென்று தெறித்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அப்பா வந்தா நம்பமாட்டாரு. நீதான்டி சாட்சி."

அண்ணன் தொண்டையைச் செருமினான். அப்பாவின் அதே செருமல்.

"சொல்லுடி," என்றாள் அம்மா, கண்ணைத் துடைக்காமலே. "நீயும் கேட்டேல்ல?"