காக்கா கூட்டுக்கு டிசைனர் வந்தாரு

காக்கா கதைன்னு சொன்னதுமே வடை எப்ப வரும்னு பாக்குறீங்க, இல்ல? வராது. இது வீடு கட்டுற கதை, பேசாம உக்காருங்க.

ஒரு காக்கா அவசர அவசரமா கூடு கட்டி முடிச்சுச்சு. மறுநாள் அது முட்டை போடணும். அந்த நேரம் பாத்து, கொண்டையை விசிறியா விரிச்சுக்கிட்டு ஒரு கொண்டலாத்திப் பறவை வந்து நின்னுச்சு. அது டிசைனராம். குடியிருக்கிறது என்னவோ மரப்பொந்துல, ஒரு குச்சிகூட அடுக்கினது கிடையாது.

"என்னம்மா இது? தொடப்பக்குச்சி, துருப்பிடிச்ச கம்பி! இந்தக் காலத்துல யாராவது இப்படிக் கட்டுவாங்களா?"

காக்கா கூனிக் குறுகிப் போச்சு. "நீங்களே பாத்து மாத்திக் குடுங்க சார்."

கொண்டலாத்தி ஒவ்வொரு குச்சியா உருவிப் போட்டுச்சு. "ஓரத்துல எதுக்குச் சுவரு? காத்து வரட்டும். நடுவுல எதுக்குக் குழி? பாக்கவே அசிங்கமா இருக்கு."

கடைசியில தோசைக்கல்லு மாதிரி தட்டையா, வழவழன்னு ஒண்ணு மிஞ்சுச்சு. ஓரத்துல ஒரே ஒரு செம்பருத்திப் பூ.

கிளி "வாவ்!"னு கத்துச்சு. புறா குனிஞ்சு குனிஞ்சு கும்புட்டுச்சு. காக்காவுக்கு மட்டும் உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம். ஆனா கேட்டா பட்டிக்காடுன்னு சிரிப்பாங்களேன்னு பயந்து, "சூப்பர் சார்"னு தலையாட்டிருச்சு.

மேல்கிளையில இருந்த குயிலுக்குத்தான் பொறுக்கல.

"அய்யய்யோ அக்கா! இதுல முட்டை வச்சா உருண்டு கீழ விழுந்துராதா? போன வருஷக் கூடு எவ்வளவு வாட்டமா இருந்துச்சு! இந்த வருஷம் என் முட்டையை நான் எங்க கொண்டுபோய் வைப்பேன்?"