குழிக்கு மேல் வைத்த மெஷின்

இரத்தோட்டைத் தோட்டத்துச் சாணவாயுக் குழியில் செல்லன் மூச்சுமுட்டிச் செத்து நாற்பது நாளாயிற்று. இன்று அவன் இடத்தில் வினோஜன் இடுப்பில் கயிறு கட்டி இறங்க நின்றான். குழியைக் கழுவிக் காற்றும் அடித்தாயிற்று. ஆனாலும் வாயு அளக்கும் மெஷினில் எண் மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கியது. செல்லனின் அண்ணன் ஆறுமுகக் கங்காணி அதையே பார்த்திருந்தார்.

"மெஷினுக்குள்ள லேசர் சூடு சரியில்ல போல," என்று மெக்கானிக் றிகாஸ் இருபத்தைந்து பாகையை இருபத்தாறாக்கினான். எண் அடங்கவில்லை.

"நம்ம மூச்சா இருக்கும். எல்லாரும் அடக்குங்க," என்றான்.

அடக்கினார்கள். அது ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

"சும்மா எறங்குறேன் கங்காணி," என்றான் வினோஜன்.

ஆள் இறங்குமுன் பேர் கூப்பிடுவது வழக்கம். கங்காணி பேர்க் கொப்பியை விரித்து, பழக்கத்தில் முதல் பேராக "செல்லன்!" என்று கூப்பிட்டுவிட்டார்.

எண் அசையாமல் நின்றது.

"இப்ப சரி கங்காணி, எறக்கலாம்," என்றான் றிகாஸ்.

கங்காணி வினோஜனின் கயிற்றை அவிழ்த்தார்.

"குழிக்குள்ள வேலைக்கு ஆள் நிக்குது. நீ வீட்டுக்குப் போடா."