கடைசி நீலப்பூ

அந்தக் கணினி விளையாட்டில் ஆடும் கட்டம் கட்டமாகத்தான் இருக்கும், பூவும் அப்படித்தான். அதில் யாழிசைக்கு நீலக் கம்பளியால் வீடு கட்ட ஆசை. வெள்ளைச் செம்மறியாட்டின் கம்பளியைக் கத்தரிப்பாள். ஒரு நீலப்பூவைப் பறித்துச் சாயமாக்கி, ஒரு துண்டுக்கு ஏற்றுவாள். அடுத்த துண்டுக்கு அடுத்த பூ. மேட்டில் கடைசியாக அக்கா பூவும் தங்கை பூவும் மிஞ்சின. இன்று தங்கையும் சாயமாகிவிட்டாள்.

“நீ புல்லைத் தின்னா கம்பளி திரும்ப வளருது. நான் வளருவேனா?” என்றது அக்கா பூ ஆட்டிடம்.

“வெட்டின கம்பளிக்கு எதுக்குச் சாயம்? என் மேலேயே பூசினா என்ன ஆகும்?” என்றது ஆடு.

“அவகிட்டயே கேளேன்!”

ஆடு கேட்டது. யாழிசை காதில் “மே” என்றுதான் விழுந்தது. ஒரு கையில் தங்கைப் பூவின் சாயத்தோடு மறுகையைப் பூவிடம் நீட்டினாள்.

ஆடு குறுக்கே பாய்ந்தது. சாயம் அதன் மேல் கொட்டி, உடம்பெல்லாம் நீலம்.

யாழிசை எரிச்சலோடு கத்தரித்தாள். ஆடு புல்லைத் தின்றது. கம்பளி நீலமாகவே வளர்ந்தது. மறுபடி கத்தரித்தாள். மறுபடியும் நீலம். அவள் பூவை மறந்தே போனாள்.

பூ எட்டிப் பார்த்தது. “உன் மேல யாரு அது?”

“உன் தங்கச்சிதான்,” என்றது ஆடு. “முளைச்சுக்கிட்டே இருக்கா.”