பன்னிரண்டு வோல்ட்

உப்பளத்துக் கொட்டகைக்கு மின்சாரம் கிடையாது. பழைய பைக் பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டில்தான் ஜெசிந்தா பாட்டின் ஒலியைக் கூட்டும் தன் பழைய கண்ணாடி வால்வு ப்ரீஆம்ப்பை ஓடவைத்திருந்தாள். வால்வு தணல்போலக் கனன்றது. ஆனால் அது வாய்விட்டுப் பாட இருநூறு வோல்ட்டாவது வேண்டும். டேப்பில் ஓடிய பாட்டு ஸ்பீக்கரில் எறும்பு ஊர்வதுபோலத்தான் வந்தது.

கப்பல் வேலையிலிருந்து திரும்பிய நாள்முதல் அவள் புருஷன் சிலுவை கொட்டகையின் அந்தக் கோடியில்தான் உட்காருவான். கேட்டதற்குப் பதில் சொல்வான். தானாக எதுவும் பேசமாட்டான்.

அன்றைக்குப் பேசினான். “என்ன பிள்ள, ஒண்ணுமே கேக்கலயே?”

“கிட்ட வந்தா கேக்கும்.”

வந்தான். ஸ்பீக்கருக்கு முன்னால் இருவரும் தலையைச் சாய்த்தார்கள். அவன் மூச்சு அவள் நெற்றியில் பட்டது. பாட்டு முடிந்ததும் எழுந்து தன் இடத்துக்குப் போய்விட்டான்.

மறுநாள் டவுனிலிருந்து சிவப்பு வயர் வைத்த ஒரு சின்ன போர்டு வாங்கி வந்தான். “வோல்ட்டக் கூட்டுமாம். இத மாட்டிட்டா நான் அங்கன இருந்தே கேக்கலாம்.”

அவள் வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் கேட்டான். “போர்ட மாட்டலயா?”

“எங்க வச்சேன்னு தெரியல.” அவள் வால்வையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனவன் நின்றுவிட்டான். பருப்பு டப்பாவின் மூடி இடுக்கில் சிவப்பு வயரின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு விரலால் அதை உள்ளே தள்ளி, மூடியை அழுத்தி மூடினான்.

ஸ்பீக்கர் கிட்ட வந்து, “கொஞ்சம் நகந்து உக்காரு பிள்ள,” என்றான்.