தேர்வுக்கு வந்த குதிரை

பிஷ்கேக் கல்லூரி அலுவலகத்தில் வெயில் மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. மலை மேய்ச்சலில் இருந்தபடி ஆன்லைனில் முடித்த பாடங்களை இந்தப் புதுக் கல்லூரி ஏற்குமா என்று தெரியாமல் ஜிபெக் விரல்களைப் பிசைகிறாள். அலுவலர் புருல்சா தேர்வு வீடியோவை நிறுத்துகிறாள். "பின்னாடி யாரோ மூச்சு விடுறாங்களே. யாரு சொல்லிக்கொடுத்தது?" "அது எங்க குதிரை, அக்கா. சிக்னல் மேட்டுலதான் கிடைக்கும். குதிரைய விட்டா ஓடிடும்னு அதோட கயித்து மேல உக்காந்து எழுதினேன்." வீடியோ மறுபடி ஓடுகிறது. நீண்ட மூக்கொன்று திரைக்குள் நுழைந்து ஜிபெக்கின் தொப்பியைக் கவ்வுகிறது. அவள் திரும்பாமல் எழுதிக்கொண்டிருக்கிறாள். புருல்சாவின் தோள் குலுங்குகிறது. முத்திரை தாளில் பொத்தென்று விழுகிறது. "எல்லாப் பாடமும் சேத்தாச்சு. கணக்குல மட்டும் ஏன் மார்க்கு கம்மி?" ஜிபெக்கின் விரல்கள் இப்போதுதான் பிரிகின்றன. "அன்னிக்குக் குட்டியும் வந்துச்சுக்கா."